காணவில்லை என்று வந்த தந்தியும் இரண்டு சகலைகளும்

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தாத்தா வெலிங்டன்காரர், ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் காணாமல் போனவர், 1946 தை மாதம் உயிரோடு ஊர் திரும்பினார். பட்டாளத்துக்குப் புறப்படும் முன்பே மாமன் மகளை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பெண் அவருடைய நண்பரின் மனைவி. நண்பர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருமணம் 1944 ஆவணியில் நடந்துவிட்டது. தாத்தா, தான் திரும்பி வந்த மறு வருடம் அந்தப் பெண்ணின் தங்கையை மணந்தார். அவர்தான் தம்பியின் பாட்டி. ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகளான அந்த இருவரும் சாகும்வரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த நண்பரைத் தம்பி பெரிய தாத்தா என்கிறார், அவர் மனைவியைப் பெரிய பாட்டி என்கிறார். இப்போது பெரிய தாத்தாவின் தகரப்பெட்டியில் 31 மணியார்டர் ஒப்புகைச் சீட்டுகள் கிடைத்திருக்கின்றன. சிறுமுகையில் மகள் வீட்டில் இருந்த தாத்தாவின் தாயாருக்குப் பணம் அனுப்பிய சீட்டுகள் அவை. முதல் சீட்டில் 1942 ஆகஸ்ட் முத்திரை தெளிவாக இருக்கிறதாம். "அவர் செய்தது துரோகமா? குற்ற உணர்ச்சியில் பணம் அனுப்பினாரா? தாத்தா ஏன் கடைசிவரை மன்னிக்கவில்லை?" என்று தம்பி கேட்கிறார்.

நான் வெலிங்டனிலும் குன்னூரிலும் 30 ஆண்டுகளுக்கு மேல் பட்டாளத்துக் குடும்பங்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக்கொடுத்தவன். இதுபோன்ற பெட்டிகள் பலவற்றை என் மேசைமேல் திறந்து வைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் தாத்தா "வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்டில்" சேர்ந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெலிங்டன்காரர் என்பதால் வந்த குழப்பம் இது. பழைய மதராஸ் ரெஜிமென்ட் 1920களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் பயிற்சி மையம் வெலிங்டனுக்கு வந்தது 1947ல். உங்கள் தாத்தா புறப்பட்ட நாளில் வெலிங்டன் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் இடம். லாரி ஓட்டினார் என்றால் அவர் வேறு பிரிவு. பதிவேட்டைத் தேடுவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள், இல்லாவிட்டால் தவறான கதவையே தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கே சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் மட்டும் 40,000க்கு மேல். அவர்களில் பல்லாயிரம் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலர் கப்பலில் ஏற்றப்பட்டு நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். யார் இருக்கிறார், யார் செத்தார் என்ற முழுப் பட்டியல் இந்தியாவுக்கு வந்து சேரவில்லை. எனவே வீட்டுக்கு வந்த தந்தியில் "காணவில்லை" என்ற ஒரு சொல்தான் இருந்தது. செத்தார் என்றால் தலை முழுகலாம், பதினாறாம் நாள் காரியம் செய்யலாம், படம் மாட்டலாம். சிறையில் இருக்கிறார் என்றால் நாள் எண்ணலாம். காணவில்லை என்றால் இரண்டும் இல்லை.

முல்லைத் திணையின் ஒழுக்கம் "இருத்தல்" என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பாசறைக்குப் போனவன் கார்காலத்துக்குள் வருவேன் என்று தவணை சொல்லிவிட்டுப் போவான். அவள் அதுவரை ஆற்றியிருப்பாள். ஊர்ப் புறத்தில் போய் நின்று, யாரோ பேசும் நல்ல சொல்லைத் தற்செயலாகக் கேட்டு, அதையே நிமித்தமாக எடுத்துக்கொள்வார்கள். விரிச்சி கேட்டல் என்று அதற்குப் பெயர். அந்தக் காத்திருப்புக்கு ஒரு கரை இருந்தது. காலம் தவறினாலும், தவறியது எந்தக் காலம் என்றாவது அவளுக்குத் தெரியும். உங்கள் பெரிய பாட்டிக்குத் தவணையே கிடையாது. குறிஞ்சி பூக்கும் மலையில் பிறந்த பெண், முல்லைக்குரிய இருத்தலைத் தவணை இல்லாமல் இருந்தாள். இரண்டரை வருடம் இருந்தாள். அந்த இரண்டரை வருடத்தை உங்கள் கேள்வியில் நான் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் யாருக்குக் கிடைத்தாள் என்பதுதான் கேள்வி முழுவதும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரைப் பற்றி, அவர் உயிரோடு இருந்தால் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்கள் ஏழு ஆண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்கிறவர் தலையில் விழும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்த விதி அது. ஏழு ஆண்டு காணாமல் போயிருப்பது மணவிலக்குக்கான காரணமாக 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இவை எதுவும் உங்கள் பெரிய பாட்டியைக் கட்டுப்படுத்தவில்லை. அவள் மனைவி அல்ல, பேசி முடித்த பெண். சட்டப்படி அவள் மறுநாளே வேறொருவரை மணக்கலாம். அவளைக் கட்டியது முறை. மாமன் மகள் என்றால் உரிமைப் பெண். முறை மாப்பிள்ளை இருக்கும்போது வெளியே கொடுப்பது பெரிய பேச்சாகும். அவன் இருக்கிறானா என்றே தெரியாதபோது? பெண்ணின் தகப்பனார் தன் சொந்த அக்காளிடம் போய், "உன் மகன் இனி வரமாட்டான் என்று வைத்துக்கொண்டு என் மகளைக் கொடுத்துவிடட்டுமா" என்று கேட்க வேண்டும். கேட்டிருப்பார். கேட்காமல் அந்தக் காலத்தில் அந்தத் திருமணம் நடந்திருக்காது. சிறுமுகையில் இருந்த அந்தத் தாய் தலையசைத்திருக்கிறாள் என்பது என் திடமான எண்ணம். அதற்குச் சாட்சி உங்களிடமே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

மணியார்டர் படிவம் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1880ல் தொடங்கிய சேவை, பழைய வடிவில் 2015ல் நின்றுபோனது. படிவத்தின் ஒரு பகுதி பணம் பெறுகிறவரிடம் தங்கும். அனுப்புகிறவர் இரண்டு வரி செய்தி எழுதுகிற இடம் அதுதான். இன்னொரு பகுதி ஒப்புகை. பணம் பெற்றவர் அதில் கையெழுத்துப் போடுவார் அல்லது விரல் பதிப்பார். தபால்காரர் அதைத் திரும்பக் கொண்டுபோவார். தேதி முத்திரை விழுந்து அனுப்பியவருக்கே திரும்பி வரும். ஆகவே உங்கள் பெட்டியில் இருப்பவை பணம் போனதற்கு மட்டும் சாட்சி அல்ல. சர்க்கார் பணமாக இருந்தால் இந்தச் சீட்டு ஏதோ ஒரு ராணுவக் கணக்கு அலுவலகத்துக்குத் திரும்பியிருக்கும், ஒரு தொழிலாளியின் தகரப்பெட்டிக்கு வந்திருக்காது. சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தவன் யார் என்று அந்தத் தாய்க்குத் தெரியும். தபால்காரர் அனுப்புநர் பெயரைப் படிக்காமல் யாருக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்ததில்லை.

இன்னும் ஒன்று. படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் அனுப்பியிருந்த படத்தில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. மேல் பாதி அழுத்தமாகவும் கீழ்ப் பாதி இழுபட்டும் இருக்கிறது, விரல் நடுங்கினால் அப்படித்தான் விழும். அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர், தமிழில், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்து. அத்தை மகள், பேரன், பக்கத்து வீட்டுப் பையன், யாராகவும் இருக்கலாம். அப்படியானால் அந்தத் தெருவுக்கே தெரியும். 1942 ஆகஸ்டில் தெரியும். திருமணம் நடந்தது 1944 ஆவணியில். குற்றம் செய்வதற்கு இரண்டு வருடம் முன்பே யாரும் பிராயச்சித்தம் தொடங்குவதில்லை, தம்பி. குற்ற உணர்ச்சி என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

அப்போதே அவருக்கு அந்தப் பெண்மேல் மனம் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்திருக்கலாம். நண்பனுக்கு நிச்சயித்த பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, வெளியே காட்டாமல், அந்த நண்பன் காணாமல் போனதும் அவன் தாய்க்குச் சோறு போட்ட மனிதரை எனக்குக் கற்பனை செய்ய முடிகிறது. அவர் எந்த நாளும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார். நண்பன் திரும்பி வர வேண்டும் என்றும் வேண்டியிருப்பார், வந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் பயந்திருப்பார். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும். போர்க்களத்துக்குப் போகாமல் பின்னால் தங்கிய ஆண்களின் பாடு இது. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்தது; தோட்டாவிலும் குண்டிலும் அடைக்கும் மருந்து அங்கே தயாராகும். அந்த வேலையும் போர் வேலைதான். ஆனால் ஊர்க்கண்ணில் ஒருவன் களத்தில் நின்றவன், மற்றவன் வீட்டில் இருந்தவன். வீட்டில் இருந்தவனுக்குப் பெண் கிடைத்தது என்று நாலு பேர் சொல்லும்போது, அவன் வாய் திறந்து என்ன சொல்ல முடியும்?

உங்கள் தாத்தா திரும்பிய நாளையும் யோசித்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியிருப்பார். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்து வண்டி மெதுவாக ஏறும். குன்னூர் வர மணிக்கணக்கில் ஆகும். குன்னூருக்கு அடுத்தது வெலிங்டன், அதற்கு அடுத்தது அருவங்காடு. அவர் வெலிங்டனில் இறங்கினார். அதே வண்டி அவள் இருந்த ஊருக்குப் புகை விட்டுக்கொண்டு போனது. அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. ஜப்பான் 1945 ஆகஸ்டிலேயே பணிந்துவிட்டது என்றாலும், சிறைபட்ட சிப்பாய்களை விசாரித்து, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவரா இல்லையா என்று தரம் பிரித்து அனுப்ப மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் ஒரு கடிதம் முன்னால் வந்திருந்தால்கூட, யாராவது மேட்டுப்பாளையத்துக்கே போய் நின்று பக்குவமாகச் சொல்லியிருப்பார்கள்.

பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. தங்கையைக் கட்டிவைத்தது பெரியவர்கள் செய்த ஏற்பாடு. உரிமை வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான். அதன் விளைவு என்ன? யாருடைய பிள்ளைகளுக்கு அப்பாவாக இருந்திருக்க வேண்டுமோ, அந்தப் பிள்ளைகள் அவரைச் "சித்தப்பா" என்று அழைத்தார்கள். தன் பிள்ளைகள் அந்த மனிதரைப் "பெரியப்பா" என்று அழைப்பதை ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டார். மாமனார் வீட்டில் இரண்டு மருமகன்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போடுவார்கள். எதிரியாக இருந்தால் வேறு ஊருக்குப் போய்விடலாம். சகலையாகிவிட்டால் போக இடம் இல்லை. உறவுமுறைச் சொல் ஒவ்வொன்றும் புண்ணில் பட்டிருக்கும்.

"ஏன் மன்னிக்கவில்லை" என்று கேட்கிறீர்கள். பேசாமல் இருந்ததைப் பகை என்று எடுத்துக்கொண்டதால் வந்த கேள்வி இது. பகை என்றால் அந்தக் காலத்து ஆண்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள். சண்டை போட்டிருப்பார்கள், பங்காளிகளைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்திருப்பார்கள், சாவுக்குப் போகாமல் இருந்திருப்பார்கள். உங்கள் தாத்தா இதில் ஒன்றையும் செய்யவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரிய தாத்தாவின் பாடையைத் தூக்கினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் திரும்பி வந்ததும் தாயிடம் போயிருப்பார். "நான் இல்லாதபோது எப்படி அம்மா பிழைத்தாய்" என்று கேட்காத மகன் உண்டா? அவள் சொல்லியிருப்பாள். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு அவர் என்ன செய்ய முடியும்? தன் தாய்க்குச் சோறு போட்டவனை ஏச நாக்கு வராது. தன் பெண்ணைக் கட்டியவனை வாழ்த்தவும் நாக்கு வராது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது மௌனம் ஒன்றுதான். தீராத கடன் பட்டவரின் மௌனம் என்றே நான் அதைப் படிக்கிறேன். மன்னிக்க வேண்டிய குற்றம் அங்கே இல்லை, அடைக்க முடியாத கடன் இருந்தது. அந்தக் கடனை அவர் பேச்சால் குறைத்துக்கொள்ள விரும்பவில்லை.

இனி உங்கள் பெரிய பாட்டியைப் பற்றி. அதற்கு முன் வேறு பெண்கள் சிலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வருடா வருடம் நவம்பரில் ஒரு அம்மாள் வருவார். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்தவர். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைகள் உயிரோடு இருப்பதாகச் சான்று தரும்போது, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும் என்பதுதான் அன்றைய விதி; குழந்தை இல்லாதவர்களுக்கு வருமான நிபந்தனையோடு தளர்த்தியதெல்லாம் பின்னால்தான். அந்த அம்மாள் கையெழுத்துப் போடும்போது, எதிரே டீக்கடை வாசலில் ஒருவர் நிற்பார். ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும். அவர் கையில் இரண்டு குடைகள் இருக்கும், ஒன்று விரித்தது, ஒன்று மடித்தது. உள்ளே வரமாட்டார். அந்த அம்மாள் படிவத்தில் அந்த வரியில் பேனாவைக் கொஞ்சநேரம் நிறுத்தி வைப்பார், பிறகு போடுவார். பதினோரு வருடம் இதைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க அந்தப் பணம்தான் இருந்தது. போட்டி அங்கே இரண்டு ஆண்களுக்கு இடையில் இல்லை. உயிரோடு குடை பிடித்து நிற்கும் ஒருவருக்கும், மாதம் முதல் தேதி பணமாக வந்து நிற்கும் இறந்தவருக்கும் இடையில் இருந்தது.

வீரப் பதக்கம் பெற்று இறந்தவரின் மனைவிக்குத் தரும் உதவித்தொகையிலும் இப்படி ஒரு விதி இருந்தது. மறுமணம் செய்தால் நிறுத்தப்படும். இறந்தவரின் சகோதரரை மணந்தால் மட்டும் தொடரும். அவள் யாரை விரும்ப வேண்டும் என்று ஒரு காகிதம் முடிவு செய்தது. கொழுந்தனை மணக்க மனமில்லாத எத்தனை பேர் அப்படியே வாழ்ந்து முடித்தார்களோ. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை எடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த இரண்டு குடைகள்தான் நினைவுக்கு வந்தன.

காணாமல் போனவர் திரும்பி வந்த கதை நம் காலத்திலும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மணமாகிச் சில நாட்களில் கார்கில் போருக்கு அழைக்கப்பட்ட ஒரு வீரர் 1999ல் காணாமல் போனார். ஓடிப்போனவர் என்றே முதலில் கருதினார்கள். பிறகு பாகிஸ்தான் சிறையில் இருப்பது தெரிந்து, 2004ல் திரும்பினார். அதற்குள் அவர் மனைவி மறுமணம் செய்து கர்ப்பிணியாக இருந்தாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், தொலைக்காட்சி நிலையத்திலேயே உட்காரவைத்து நாடே பார்க்கப் பேசினார்கள். அவள் முதல் கணவரிடம் திரும்பினாள். 2006 ஜனவரியில் நோயுற்று இறந்துபோனாள். அந்த இரண்டு ஆண்களைப் பற்றியும் யார்மேல் நியாயம் என்று அன்று டீக்கடை டீக்கடையாகப் பேசினார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் மிகக் குறைவு.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். பெரிய பாட்டி என்ன சொன்னார்? அவர் பெண்களில் மூத்தவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அத்தையிடம் போய் உட்காருங்கள். "உங்கள் அம்மா யாரை விரும்பினார்" என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் அதற்குப் பதில் சொல்லாது. "சித்தப்பா வீட்டுக்கு வந்தால் அம்மா என்ன சமைப்பார், எங்கே நிற்பார்" என்று கேளுங்கள். இத்தனை வருடத்தில் நான் கற்ற வழி அது. மனத்தைக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். அடுப்பைக் கேட்டால் பேச்சு தானாக வரும்.

சீட்டுகளைப் பற்றிக் கடைசியாக ஒன்று. முத்திரை மங்கியிருக்கிறது என்று தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். இருட்டு அறையில் காகிதத்தைத் தட்டையாக வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். முத்திரை அழுந்திய பள்ளம் நிழல் விழுந்து தெரியும். 1942 ஆகஸ்டிலிருந்து மாதம் தவறாமல் போயிருந்தால் 31ஆவது சீட்டு 1945 பிப்ரவரியில் முடிய வேண்டும். நடுவில் சில மாதங்கள் விட்டுப்போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். கடைசிச் சீட்டின் தேதியைக் கண்டுபிடியுங்கள். உங்கள் தாத்தா வந்து இறங்கிய தைக்குப் பிறகு ஒரு சீட்டாவது இருந்தால், கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மகன் வீட்டில் இருக்கும்போது அந்தத் தாய் கைநாட்டு வைத்திருந்தால், பக்கத்தில் பெயர் எழுதியிருக்கக் கூடியவர் உங்கள் தாத்தாதான்.